ஆட்டு ரோமமும் எலுமிச்சம்பழமும்

மடி நிறைய எலுமிச்சம்பழம். கையில் கத்தி. முழங்கை வரைக்கும் மஞ்சள். தலைமுடியை விரித்துப் போட்டு அதன் மேல் ஒரு பழைய துண்டைச் சுற்றிக்கொண்டு, மதுரை கோச்சடையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் மணை போட்டு உட்கார்ந்திருந்தேன். எதிரே மூன்று செங்கல் அடுப்பு. அதன்மேல் அண்டா. அண்டாவுக்குள்ளே மஞ்சள் தண்ணீரில் ஆட்டு ரோமம் கிடந்து ஊறிக்கொண்டிருந்தது.

நான் பார்த்துக்கொண்டிருந்தது அண்டாவை அல்ல, கைப்பிடிச் சுவரை. முந்தின நாள் சாயங்காலம் அந்தச் சுவர் நெடுகக் கம்பளியைக் காயப் போட்டிருந்தேன். போட்டபோது நல்ல சாமந்திப்பூ மஞ்சள். காலையில் வந்து பார்த்தால் பாதிக்குப் பாதி ரத்தச் சிவப்பு.

அந்த நேரம் பார்த்து வெளிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஏறி வந்தவர் ஒச்சம்மாள். என் மகள் ஷைலா யாரைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டாளோ, அந்தப் பையனைப் பெற்ற தாய். எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவே மாட்டேன் என்று அதுவரை பிடிவாதமாக இருந்தவர்.

என்னைப் பார்த்தார். அண்டாவைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். கடைசியாக மடியில் கிடந்த எலுமிச்சம்பழங்களைப் பார்த்தார்.

"ஆத்தீ!" என்று நெஞ்சில் கை வைத்தார்.

வாசகர்களுக்கு இந்நேரம் விளங்கியிருக்கும். எனக்குத்தான் விளங்கச் சற்று நேரம் பிடித்தது.

மதுரையில் கம்பளியா?

போன வாரம் என் தக்ளியைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "பஞ்சு நூற்கிற தக்ளியில் கம்பளி நூற்க முடியுமா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். பேஷாக முடியும். பஞ்சைவிடக் கம்பளி சொன்ன பேச்சைக் கேட்கும். பஞ்சு கொஞ்சம் அசந்தால் அறுந்து தரையில் விழும். கம்பளி ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு தொங்கும், நெருங்கின சொந்தக்காரர்கள் மாதிரி.

நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். பெண்பிள்ளைகளுக்குக் காஜா எடுக்கவும் கொக்கி ஊசியில் பின்னவும் சொல்லிக் கொடுத்தே காலம் போயிற்று. ஓய்வு பெற்றதும் கை சும்மா இருக்க மறுத்தது. செல்போனில் எந்த ஊர்க்காரியோ வீட்டுச் சமையலறையில் கம்பளிக்குச் சாயம் போட்டு, அதை நூற்று, பின்னுகிற படம் ஓடியது. அவள் பேசிய பாஷை எனக்குப் புரியவில்லை. கை புரிந்தது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம்.

என் வீட்டுக்காரர் ஞானதுரை மின்வாரியத்தில் இருந்தவர். இப்போது சபைக் கமிட்டியில் இருக்கிறார். எதற்கும் ஒரு ஆட்சேபணை வைத்திருப்பார்.

"மதுரைக்கு ரெண்டே காலம்தான் லிசி. வெயிலு, கொடும் வெயிலு. இதுல கம்பளிய யாரு மேல போத்தப் போற?"

"மார்கழில மங்கி குல்லா போட்டுக்கிட்டு வாக்கிங் போறது யாராம்?" என்றேன்.

லேசாகப் பனி இறங்கினாலே போதும், வைகைக்கரைச் சாலையில் நடக்கிறவர்கள் முகமெல்லாம் குல்லாவுக்குள் போய்விடும். ஆளை அடையாளம் தெரியாமல், மீன்காரர் என்று நினைத்து யாரோ ஒருவரிடம் குழம்புக்கு மீன் சொல்லிவிட்டு வந்தவர் என் வீட்டுக்காரர்.

ஆட்டைப் பார்க்க வந்த மாப்பிள்ளை

என் மகள் ஷைலா கால்நடை டாக்டர். செக்கானூரணிக்கு மேற்கே ஒரு மருந்தகத்தில் வேலை. அங்கே ஒரு நாள் வயிறு உப்பின ஆட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தவன்தான் செல்வபாண்டி. டிராக்டர் விற்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறான். வீட்டில் விவசாயமும் ஆடும். ஆடு பிழைத்துக்கொண்டது. அதற்குப் பிறகு அந்த வீட்டு ஆடுகளுக்கு அடிக்கடி உடம்புக்கு வந்தது. ஒரு ஆட்டுக்கு இரண்டு தடவை காது வலி என்று சொன்னானாம்.

பையன் தங்கமான பையன். அவன் அப்பாவும் ஒரு தடவை வந்து, காபி குடித்து, "எனக்கு ஆட்சேபணை இல்லீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் வேதக்காரர்கள், அவர்கள் சாமி கும்பிடுகிறவர்கள் என்பதெல்லாம் எங்கள் இரண்டு பக்கமும் பேசித் தீர்ந்துவிட்டது. தீராமல் நின்றது ஒச்சம்மாள்தான். சண்டை போடவில்லை, திட்டவில்லை. "அந்தப் புள்ள நல்ல புள்ளையாத்தான் இருக்கும்" என்பாராம். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. எங்கள் வீட்டுக்கு வரச் சொன்னால் ஆட்டைக் காரணம் காட்டுவாராம்.

ஷைலா என் பிள்ளை. பிடிவாதம் என்னிடமிருந்து எடுத்தது.

"அத்தை மனசார நம்ம வீட்டுக்கு வந்து ஒரு வாய் தண்ணி குடிக்கணும்மா. அதுக்கப்புறம்தான் கல்யாணப் பேச்சு. வராம நடக்கிற கல்யாணம் எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள்.

சொன்னவள் நன்றாகத்தான் சொன்னாள். ஆனால் ராத்திரிச் சாப்பாடு பாதித் தட்டில் நின்றது. இரண்டு தோசைக்கு மேல் கேட்கிற பிள்ளை ஒரு தோசையைப் பிய்த்துப் பிய்த்து வைத்திருந்தால் பெற்றவளுக்கு எப்படி இருக்கும்? எனக்கு ஒச்சம்மாள் மேல் கோபம் கோபமாக வந்தது. அந்தக் கோபத்தோடுதான் ஒரு யோசனையும் வந்தது.

யூரியாச் சாக்கு

ஒரு நாள் பேச்சுவாக்கில் செல்வபாண்டி சொன்னான். "அம்மா விடியக்காலம் பனியோட கெடைக்குப் போகும் அத்தை. தலையில ஒரு துண்டு, அம்புட்டுத்தான். ஸ்வெட்டர் வாங்கிக் கொடுத்தேன், அத ஆட்டுக்குட்டிக்குப் போத்தி வச்சிருக்கு."

காலி வயலில் ராத்திரி ஆடுகளை அடைத்து வைப்பதுதான் கிடை. வயலுக்கு எரு, ஆட்டுக்கு இடம். வெட்டவெளியில் பனி தலையில்தான் இறங்கும்.

அவர்கள் வளர்ப்பதில் பாதி குறும்பாடு, திண்டுக்கல் பக்கம் சந்தையில் பிடித்து வந்தது. எங்கள் பக்கத்துச் செம்மறிக்கு மேலெல்லாம் குட்டை முடிதான். குறும்பாட்டுக்கு மட்டும் சுருள் சுருளாகக் கம்பளி இருக்கும். வருஷத்தில் இரண்டு தடவை கத்தரித்து, வாங்க ஆள் வராவிட்டால் வேலியோரம் கொட்டிவிடுவார்களாம்.

என் யோசனை இதுதான். அவர்கள் ஆட்டுக் கம்பளியையே வாங்கி, சாயம் போட்டு, நூற்று, ஒரு சால்வை பின்னி வைப்பது. ஒச்சம்மாள் என்றைக்கு எங்கள் வாசலில் கால் வைக்கிறாரோ அன்றைக்கு அவர் தோளில் அதைப் போர்த்துவது. மதுரையில் இரண்டு பேர் மேடை ஏறினால் மூன்றாவது ஆள் சால்வையோடு நிற்பார். கவுன்சிலருக்கும் காதுகுத்துக்காரருக்கும் போர்த்துகிற ஊரில் சம்பந்திக்குப் போர்த்தினால் என்ன குறைந்துவிடும்?

செல்வபாண்டியிடம் கேட்டேன். ஒரு யூரியாச் சாக்கு நிறைய அடைத்து, வண்டியின் பின்னால் கட்டிக்கொண்டு வந்தான்.

"தம்பி, எதுக்குன்னு அம்மாகிட்ட மூச்சு விடக்கூடாது" என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

பையன் சொன்ன சொல் தவறாதவன். அதுதான் வினையாகப் போயிற்று.

கம்பளிக்குக் கோபம் வரும்

சாக்கைப் பிரித்ததும் வீடே கிடை ஆகிவிட்டது. ரோமத்தில் நெருஞ்சி முள், புழுக்கை, காய்ந்த சாணி, எல்லாம் இருந்தது. மாடியில் உட்கார்ந்து பொறுக்கிப் பொறுக்கி விரல் நுனியெல்லாம் முள். பூந்திக்கொட்டையை ஊறவைத்து நுரை எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் அமுக்கி வைக்க வேண்டும். கசக்கக் கூடாது, அடித்துத் துவைக்கவும் கூடாது. இருபது வருஷம் கல்லில் துணியைக் கும்மின கைக்கு இது பெரிய தண்டனை. கசக்கினாலும், சூட்டிலிருந்து எடுத்துச் சட்டென்று பச்சைத் தண்ணீரில் போட்டாலும் கம்பளிக்குக் கோபம் வந்துவிடும். சுருங்கிக் கட்டிதட்டி, மிதியடி ஆகிவிடும். ஒரு பிடி ரோமத்தை அப்படிக் கெடுத்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. அந்த மிதியடியில் இப்போது எங்கள் வீட்டுப் பூனை படுக்கிறது.

தண்ணீரும் பார்த்து எடுக்க வேண்டும். எங்கள் போர் தண்ணீர் உப்பு, சாயத்தை மங்கடித்துவிடும். விலைக்கு வாங்கின கேன் தண்ணீரை இரண்டு கேன் மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். "ஆட்டு முடிக்குக் கேன் தண்ணியா?" என்று என் வீட்டுக்காரர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கேஸ் அடுப்பில் ஏற்ற அவர் விடவில்லை. அதனால்தான் மாடியில் செங்கல் அடுப்பும் தென்னமட்டை விறகும். முதலில் படிகாரத் தண்ணீரில் கம்பளியை மெல்லச் சுடவைக்க வேண்டும். சலூனில் சவரம் செய்து முகத்தில் தேய்ப்பார்களே, அதே படிகாரம்தான். சாயத்தைக் கம்பளியில் பிடித்து நிறுத்துவது அதுதான். பிறகு இடித்த விரலி மஞ்சளைத் துணியில் முடிந்து போட்டு, கொதிக்க விடாமல், கிண்டாமல், காத்திருக்க வேண்டும். ஈர ஆடு வேகிற வாசனை தெரு முழுக்கப் போயிற்று. அடுத்த மாடியிலிருந்து காதர் அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"என்ன டீச்சர், கறி வாசன தூக்குது. விருந்தா?"

"முடி மட்டும்தான் அண்ணே" என்றேன். எட்டிப் பார்த்த தலை உள்ளே போய்விட்டது.

ஏன் மஞ்சள் என்று கேட்கலாம். கம்பளி இயல்பிலேயே வெள்ளைதானே, அப்படியே பின்னினால் என்ன? அங்கேதான் நான் யோசித்தேன். எங்களுக்கு வெள்ளை என்றால் கல்யாணப் பெண். அவர்களுக்கு அப்படி இல்லை. புருஷனோடு வாழ்கிற பொம்பளை தோளில் முதல் முதலாக வெள்ளையைப் போர்த்தினால் ஜென்மத்துக்கும் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார். மஞ்சளைவிட மங்கலம் எது? என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

சுவருக்குச் சுண்ணாம்பு

முதல் ஈடு நன்றாகச் சாயம் ஏறி வந்தது. ராத்திரி முழுக்க அண்டாவிலேயே ஆறவிட்டு, மறுநாள் அலசி, சாயங்காலம் காயப் போட மாடிக்குக் கொண்டுபோனேன். கொடியில் இடம் இல்லை. கிறிஸ்துமஸ் நாடகத்துக்குச் சபைப் பிள்ளைகள் போடுகிற தேவதூதர் அங்கிகள் வரிசையாகத் தொங்கின. தையல் டீச்சர் ஓய்வு பெற்றாலும் தேவதூதர்களை யார் விடுவார்கள்? இருட்டவும் ஆரம்பித்துவிட்டது. கைப்பிடிச் சுவர் சும்மாதானே இருக்கிறது என்று அதன்மேல் நீளமாகப் பரத்திவிட்டு, அண்டாவில் அடுத்த ஈட்டை ஊறப் போட்டுவிட்டு இறங்கிவிட்டேன்.

சுவர் சும்மா இல்லை. ஊரெல்லாம் பெயிண்டுக்கு மாறிவிட்டாலும், கிறிஸ்துமஸ் வந்தால் மாடிச் சுவருக்குச் சுண்ணாம்புதான் அடிக்க வேண்டும் என்பது என் வீட்டுக்காரரின் கொள்கை. அன்று மத்தியானம் நான் தூங்குகிற நேரத்தில் பாதிச் சுவரை அடித்து முடித்திருக்கிறார். பழைய வெள்ளைமேல் புது வெள்ளை. இருட்டில் எனக்கு எப்படித் தெரியும்?

மஞ்சளும் ஈரச் சுண்ணாம்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது தமிழ்நாட்டில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் காலையில் அடுப்பை மூட்டிவிட்டு நிமிர்ந்து, அந்தச் சிவப்பைப் பார்த்ததும் அதெல்லாம் மறந்துபோயிற்று. ஷைலா விட்டுவைத்த தோசைதான் கண்ணில் நின்றது. இவ்வளவு பாடுபட்டும் இப்படியா என்று அழுகையே வந்தது. பிறகுதான் ஞாபகம் வந்தது. சுண்ணாம்பு சிவப்பாக்கினதைப் புளிப்பு திரும்ப மஞ்சளாக்கிவிடும். ஓடிப்போய் வீட்டிலிருந்த எலுமிச்சம்பழத்தையெல்லாம் அள்ளி மடியில் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

ஏறி வந்தவர்

இப்போது ஒச்சம்மாள் கண்ணால் பாருங்கள்.

வேலியோரம் கொட்டுகிற ஆட்டு முடியை மகன் சாக்கில் கட்டிக் கொண்டுபோகிறான். யாருக்கு என்று கேட்டால் "ஷைலா அம்மாவுக்கு" என்கிறான். எதற்கு என்று கேட்டால் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறான். சத்தியம் செய்திருக்கிறானாம். ஏற்கெனவே அவன் சோறு திங்காமல் செல்போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறான். எந்தத் தாய்க்கும் சந்தேகம் வரத்தானே செய்யும்? காளவாசலில் பஸ்ஸை விட்டு இறங்கி, வழி கேட்டு வந்து, மாடியில் புகை தெரிகிறதே என்று நேரே ஏறிவிட்டார்.

ஏறினால், தலைவிரி கோலமாக ஒரு பொம்பளை. அண்டாவில் முடி வேகிறது. சுவரெல்லாம் ரத்தம். தரையில் படிகாரக் கட்டி. மடியில் எலுமிச்சம்பழம், கையில் கத்தி. பின்னால் கொடியில் வெள்ளை அங்கிகள் ஆளில்லாமல் ஆடுகின்றன. இதைச் செய்வினை என்று நினைக்காமல் வேறு என்ன நினைப்பது?

"வாங்க, வாங்க! வாரேன்னு ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா?" என்று எழுந்தேன். மடியிலிருந்து பழங்கள் உருண்டு அவர் காலடிக்கு ஓடின. அவர் இரண்டு எட்டு பின்னால் போனார்.

"எங்க வீட்டு ஆட்டு மசுர வச்சு என்ன பண்ணிக்கிட்டு இருக்கீக டீச்சரம்மா?"

கோபத்திலும் 'இருக்கீக' என்றார். அந்த மரியாதை எனக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது.

"சாயம் போடுறேன்."

"ஆட்டு மசுருக்கு யாராச்சும் சாயம் போடுவாகளா? எம்மகன் கொஞ்ச நாளா எப்படித் திரியிறான்னு எனக்குத் தெரியாதா? என்ன வச்சு மயக்குறீகன்னு இப்பல்ல தெரியுது."

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லீங்க. நாங்க வேதக்காரங்க, இதையெல்லாம் நம்பவே மாட்டோம். இந்தா பாருங்க, இது ரத்தம் இல்ல" என்று பதறி, சுவரிலிருந்து ஒரு பிடி சிவப்புக் கம்பளியை எடுத்து, அரைப் பழத்தை அதன் மேல் பிழிந்தேன்.

சிவப்பு அவர் கண் முன்னால் மஞ்சளாக மாறியது.

"காளியாத்தா!" என்றார் ஒச்சம்மாள். முகம் வெளுத்துவிட்டது. என் புத்திசாலித்தனத்தை என்னவென்று சொல்ல? மந்திரம் போடவில்லை என்று காட்ட மந்திரம் போட்டுக் காட்டியிருக்கிறேன்.

போதாததற்கு என் வீட்டுக்காரர் மிச்சச் சுவரை அடிக்க ஏறி வந்தார். சட்டை இல்லை, லுங்கி மட்டும். நெற்றியிலும் மார்பிலும் கையிலும் பட்டை பட்டையாகச் சுண்ணாம்பு. ஒரு கையில் வாளி, மறு கையில் சுண்ணாம்பு அடிக்கிற மட்டை. ஜபத்தில் கண்ணைத் திறக்காத மனிதர், உடம்பெல்லாம் சாம்பல் பூசின பூசாரி மாதிரி வந்து நின்றார்.

"ஸ்தோத்திரம்... வணக்கம்" என்றார். யார் வந்திருக்கிறார் என்று அவருக்குத் தெரியவில்லை.

ஒச்சம்மாள் படிக்கட்டைப் பார்த்தார். இறங்கிவிடுவார். இறங்கினால் என் பிள்ளையின் கல்யாணமும் அதோடு இறங்கிப் போய்விடும். அந்த நொடியில் எனக்கு வாயில் வந்தது ஒன்றுதான்.

"உங்க வீட்டுல ஆரத்தி சுத்த ஆலம் கரைப்பீங்கல்ல?"

படியில் வைத்த கால் நின்றது. "கரைப்போம். அதுக்கு?"

"எப்படிக் கரைப்பீங்க?"

"எப்படிக் கரைப்பாக? தட்டுல தண்ணிய ஊத்தி, மஞ்சளப் போட்டு, துளி சுண்ணாம்ப..."

அங்கே நிறுத்தினார். சுவரைப் பார்த்தார். என் வீட்டுக்காரரின் கையிலிருந்த மட்டையைப் பார்த்தார். திரும்பச் சுவரைப் பார்த்தார். ஆனாலும் சும்மா நம்புகிற ஆள் இல்லை அவர்.

சுருக்குப்பை

இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்தார். வெற்றிலைக்கு வைத்திருந்த சுண்ணாம்பு டப்பாவை எடுத்து, விரல் நுனியில் கொஞ்சம் தொட்டுக்கொண்டார். இன்னும் சூடேறாத அண்டாவுக்குள் கைவிட்டு ஒரு கொத்து மஞ்சள் கம்பளியை எடுத்து அதில் தேய்த்தார். சிவந்தது. வேறு ஒரு கொத்தை எடுத்துத் தேய்த்தார். அதுவும் சிவந்தது. காலடியில் கிடந்த பழத்தை எடுத்து, கத்திக்குக் கை நீட்டி, தானே நறுக்கிப் பிழிந்தார். மஞ்சளாயிற்று.

"அடி ஆத்தீ! நம்ம ஆலத் தண்ணியில்ல இது!" என்றவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு என்றால் சாதாரணச் சிரிப்பு இல்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். சேலையெல்லாம் சுண்ணாம்பு. என் வீட்டுக்காரர் விஷயம் புரியாமலே சேர்ந்து சிரித்தார்.

"நான் என்னத்த நெனச்சுப்புட்டேன் தெரியுமா? பஸ்ல வாரப்பயே கருப்புக்குக் கெடா நேந்துக்கிட்டு வந்தேன்."

"எந்தக் கெடா?" என்று நான் கேட்டேன்.

"இந்த மசுரு எந்தக் கெடாவுதோ, அதுதான்!"

சிரிப்பு அடங்கினதும் கம்பளியைக் கையில் உருட்டிப் பார்த்தார். "அது சரி, எதுக்கு இம்புட்டுப் பாடு? இத வச்சு என்ன செய்யப் போறீக?"

ரகசியம் எல்லாம் அவ்வளவுதான். கீழே ஓடி, தக்ளியில் வெள்ளையாகவே நூற்றுப் பார்த்த சிறு உருண்டையையும், சிக்கெடுக்க ஷைலா கொடுத்த நாய் சீவுகிற பிரஷ் இரண்டையும் எடுத்து வந்து காட்டினேன். நூலை அவர் கையில் வைத்தேன்.

"சால்வை பின்னலாம்னு. உங்களுக்கு. விடியக்காலம் பனியில கெடைக்குப் போறீங்கன்னு தம்பி சொன்னாரு. உங்க ஆட்டுதா இருந்தா ஆட்டுக்குட்டிக்குக் கொடுக்க மாட்டீங்கன்னு..."

ஒச்சம்மாள் நூலை இழுத்துப் பார்த்தார். அறவில்லை. கன்னத்தில் வைத்துப் பார்த்தார். குத்தியிருக்கும், குறும்பாட்டுக் கம்பளி முரடு. ஆனால் எடுக்கவில்லை. இவர் மேல் எவ்வளவு கோபப்பட்டேன் என்று நினைத்துச் சங்கடமாக இருந்தது.

"எனக்குன்னு யாரும் நூல் நூத்ததில்ல" என்றார்.

நான் மிச்சப் பழங்களை எடுத்துக்கொண்டு சுவரருகே போனேன். "இருங்க, இதையெல்லாம் மஞ்சளாக்கிடுறேன்."

"விடுங்க மதினி" என்று என் கையைப் பிடித்தார். "ஆலத்தப் போயி யாராச்சும் அழிப்பாகளா? மஞ்சளும் செவப்புமாவே நூத்துப்புடுங்க. நல்லாத்தான இருக்கு."

மதினி. டீச்சரம்மா போய் மதினி வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் வாளியைக் கீழே வைத்தார்.

சுண்ணாம்புச் சிவப்பு நிற்காது, வெயில் பட வியர்வை பட இறங்கிவிடும் என்று நான் நியாயமாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்கவில்லை. சொன்னபடிதான் ஆயிற்று. இரண்டு மார்கழி பார்த்துவிட்ட அந்தச் சால்வை இன்று பழுத்த பப்பாளி நிறத்தில் இருக்கிறது. கேட்டால், "எனக்கு மட்டும் கல்யாணத்தன்னைக்கு இருந்த நிறமா இப்ப இருக்கு?" என்பார்.

"ஏறி வந்தது மூச்சு வாங்குது. குடிக்கத் தண்ணி கொடுங்க மதினி" என்றார்.

என் வயசுக்கு அந்தப் படிகளை நான் அப்படி இறங்கியிருக்கக் கூடாது. செம்பில் தண்ணீரோடு ஏறி வந்தபோது எனக்குப் பின்னாலேயே ஷைலாவும் ஏறி வந்தாள். வேலைக்குக் கிளம்பினவள், மாடியில் சிரிப்புச் சத்தம் கேட்டு வந்திருக்கிறாள். படி முடிகிற இடத்திலேயே நின்றுவிட்டாள். அத்தை அண்ணாந்து தண்ணீர் குடிப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒரு வாய் இல்லை, செம்பு காலி. ஷைலாவின் கண் நிறைந்துவிட்டது.

ஒச்சம்மாள் செம்பை என்னிடம் கொடுத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார். "இங்க வா தாயி" என்றார். அவள் வந்தாள். நறுக்காமல் கிடந்த பழங்களில் நல்லதாக ஒன்றைப் பொறுக்கி எடுத்து, ஷைலாவைக் கிழக்கே பார்க்க நிறுத்தி, தலையைச் சுற்றி ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை சுற்றினார்.

"எம் மருமகளுக்கு எங் கண்ணே பட்டிருக்கும்" என்றார்.

ஞாயிறுப் பள்ளியில் பிள்ளைகளுக்கு இதெல்லாம் கூடாது என்று வருஷக்கணக்காகச் சொல்லிக் கொடுத்தவள் நான். என் வீட்டுக்காரர் தேவதூதர் அங்கிகள் காய்ந்துவிட்டதா என்று மிகவும் கவனமாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஷைலா என்னைப் பார்த்தாள், நான் என்ன சொல்லப் போகிறேனோ என்று.

"இத முச்சந்தியில போடணும். உங்க தெருவுல முச்சந்தி எங்க மதினி இருக்கு?" என்று கேட்டார் ஒச்சம்மாள்.

"பால் பூத்து முக்குல இருக்கு. வாங்க, நானே கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

மஞ்சள் கையோடு, தலைத்துண்டோடு, அந்தக் கோலத்திலேயே அவருடன் தெருவில் நடந்தேன். பால் பூத்து முக்கில் பழத்தைக் காலால் நசுக்கி எறிந்துவிட்டு, அவர் என் கையைப் பிடித்தார்.

"திரும்பிப் பாக்காம வாங்க மதினி."

நான் பார்க்கவில்லை.